படத்துக்குக் கீழே ரெண்டு வரி

குற்றாலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே நேந்திரங்காய் வறுவல் கடை வைத்திருக்கிற வல்லிநாயகத்துக்குப் பூர்வீகம் அச்சன்புதூர். அவருடைய அப்பா கட்டியது சொந்த அக்காள் மகளை. அந்த அப்பாவைப் பெற்றவரும் அப்படித்தான், அக்காள் மகளைக் கட்டியவர். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்த குடும்பம். சொத்து எப்படியோ போய்விட்டது. சொந்தத்தில் கிடந்த கண் நோய் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. வல்லிநாயகத்துக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறும். கல்யாண வயது வருவதற்குள் பகலும் போய்விட்டது. கூடப் பிறந்தது ஒரே தங்கை, நாச்சியார். அவளை அந்த நோய் தொடவில்லை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிற கணேசமூர்த்திக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

கண் தெரியாதவர்களுக்கு டெலிபோன் பூத் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வல்லிநாயகத்துக்கும் ஒன்று கிடைத்தது, இப்போது வறுவல் கடை இருக்கிற அதே இடத்தில். அச்சன்புதூரில் ஒரு சாவு விழுந்தால் யாராவது முதலில் ஓடி வருவது அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குத்தான். செங்கோட்டையில் அத்தை மக்கள், கடையநல்லூரில் பெரியப்பா மகன் விஜயசங்கர், திருநெல்வேலியில் சித்தி வீடு என்று எல்லா நம்பரும் அவர் விரலில் இருக்கும். யாரிடம் நேரே சொல்லலாம், யாரிடம் “கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, கிளம்பி வாங்க” என்று இழுக்க வேண்டும் என்பதும் தெரியும். நெஞ்சுவலிக்காரப் பெரியம்மா எடுத்தால், “பேரன் இருக்கானா, அவன்கிட்ட குடுங்க” என்பார். சாவுக்கு ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், இரண்டாம் தடவை கூப்பிட்டால் அது சாவு வீட்டுக்குக் குறைச்சல் என்று அந்தச் சொந்தத்தில் ஒரு வழக்கம். ஆகையால் அந்த ஒரு தடவையைப் பிசகாமல் சொல்வார்.

“காலையில வல்லிநாயகம் கூப்பிட்டா எடுக்காதீங்கவே, அந்தப் பயத்துலயே ஒருத்தன் போயிருவான்” என்று விஜயசங்கர் கேலி பேசுவார்.

செல்போன் வந்தது. பூத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கூண்டைப் பிரித்துவிட்டு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார்கள். வறுப்பது மனைவி யோகலட்சுமி. பொட்டலம் போடுவது அவர்.

சில வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு முகாமில் பேசுகிற போனைப் பழகிக்கொண்டு வந்தார். விரலால் தடவினால் அது வாசிக்கும். எழுத்தில் வருகிற எதையும் வாசித்துவிடும். அந்த முதல் மாதம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், பார்வையே திரும்பிவிட்டது போலத்தான் இருந்தார் என்பார்கள். ஆனால் ஊர் அப்போதுதான் எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரண்டு நிறுத்துகிற அறிவிப்பு படம். அருவியில் குளிக்கத் தடை என்றால் அதுவும் படம். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாம் படம். போன் “படம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பிறகு வந்த புதுப் போன் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிற்று. “படம். மரம், மலை.” “படம். மனிதர்கள், உணவு.” யார் மனிதர், யார் வீட்டு உணவு என்று அதற்குத் தெரியாது.

அப்போதிருந்து அவருக்கு இதுவே வேலையாகிவிட்டது. தென்காசியில் அவரைப் போல நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டார். அதில் மாரித்தாய் என்று ஒருத்தி, காது கேளாதவள். அவளுக்கு அவள் வீட்டில் அனுப்புவதெல்லாம் குரல் பதிவு. “எனக்குப் படம் அனுப்புதான், அவளுக்குப் பேசி அனுப்புதான். மாத்தி அனுப்பிருந்தாக்கூட ஒரு பிரயோசனம் உண்டு” என்பார். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள் வந்தால் ஏதாவது ஒரு அலுவலக வாசலில் நிற்பார்கள். படத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதுங்கள். பேசி அனுப்பினால் அதையும் எழுதிப் போடுங்கள். அவ்வளவுதான் கேட்டது.

வெளியே கேட்டதைச் சொந்தத்திலும் கேட்டார். ‘அச்சன்புதூர் சொந்தங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தங்கச்சி மகன் மணிகண்டபிரபு தொடங்கியது. விடிந்தால் சாமி படமும் காலை வணக்கமும் வந்து குவியும். வல்லிநாயகம் பேசிப் பதிந்து எழுத்தாக்கிப் போடுவார்: “படத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதுங்க.” ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். மறுநாள் பழையபடி படம்.

ஒருநாள் கணேசமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. “மச்சான், ஒரு ஆளுக்காக இத்தனை பேரும் எழுதிக்கிட்டே இருக்க முடியுமா? எல்லாருக்கும் கடை கண்ணி இருக்குல்லா?” என்று பேசிப் போட்டார்.

“நான் பேரைத்தானே எழுதச் சொன்னேன், புராணத்தையா எழுதச் சொன்னேன்?” என்று இவரும் திருப்பிவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு அத்துப்போயிற்று.

எழுதியது ஒருத்திதான். நாச்சியார். யார் என்ன படம் போட்டாலும் அதற்குக் கீழே அவள் விரல் வந்துவிடும். “அண்ணே, இது பிள்ளையார். மஞ்சப் பூ போட்டிருக்கு. பிள்ளையாருக்குத் தொப்பை கொஞ்சம் ஓவர்.” “அண்ணே, இது விஜயசங்கர் அண்ணன் பேத்தி. மூக்கு நம்ம அம்மா மூக்கு.” எட்டாவது வரை படித்த எழுத்து. போன் அதைத் தப்பும் தவறுமாகவே வாசிக்கும். வல்லிநாயகம் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடை திறப்பார்.

அவளுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் சில நாள் திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை கட்டாயம் உண்டு. அன்றைக்கு எழுத்து வர சாயங்காலம் ஆகும்.

ஒரு தடவை பார்க்கப் போனபோது அவளே பேச்சை எடுத்தாள்.

“அண்ணே, எனக்குக் கோடி நீதான் போடணும்.”

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புதுச்சேலை வந்து மேலே விழ வேண்டும். அதைக் கூடப் பிறந்தவன் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் கோடி என்று பெயர்.

“வாயை மூடுட்டி” என்றார் வல்லிநாயகம்.

“மூடத்தான் போறேன். அதுக்கு முன்னால கேட்டுக்கோ. அம்மைக்கு மாமா கொண்டுவந்தாரே ஒரு நைலக்ஸ், அப்படி எடுத்துட்டு வந்தேன்னா எந்திரிச்சு உக்காந்துருவேன். நல்ல நூல் சேலையா, பச்சையில. அரக்கு பார்டர் இருந்தா விசேஷம். மதினியைக் கூட்டிக்கிட்டுப் போய் எடு. உன்னையத் தனியா விட்டா பச்சைன்னு சொல்லி எவனாவது நீலத்தைத் தலையில கட்டிருவான்.”

“சரி. பச்சைதான். நீ முதல்ல என்னைய அனுப்பிட்டுப் போ.”

“கோடி போட ஆள் இல்லாம நான் எப்படிண்ணே போறது?” என்று சிரித்தாள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது, சீசன் கூட்டம். ஆடி முழுக்கக் குழுவில் அம்மன் படம்தான் வரும். அன்று காலை யோகலட்சுமி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். வல்லிநாயகம் போனைக் காதில் வைத்தார்.

“மணிகண்டபிரபு. படம். ஒரு பெண், பூமாலை, விளக்கு” என்றது போன். அடுத்தது விஜயசங்கர்: “கூப்பிய கைகள்.” அதற்கடுத்து செங்கோட்டை அத்தை மகள்: “கூப்பிய கைகள்.” வரிசையாகக் கூப்பிய கைகள்.

“யாரு படம்?” என்றாள் யோகலட்சுமி. அவளிடம் இருப்பது பட்டன் போன்.

“அம்மன் படம் போல. மாலையும் விளக்கும்ங்குது. நாச்சியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருப்பா. வந்துதான் எந்தக் கோயில் அம்மன்னு எழுதுவா.”

எல்லாரும் கும்பிட்டிருக்கிறார்கள், நாம் மட்டும் சும்மா இருந்தால் கோபத்தில் இருக்கிறான் என்று கணேசமூர்த்தி நினைப்பார் என்று பட்டது. விரலால் தேடி அவரும் கூப்பிய கைகளை எடுத்துப் போட்டுவிட்டார். பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ் ஏறினார். அன்று மனு நாள்.

அவர் கையில் இருந்த மனு அருவியைப் பற்றியது. குளிக்கத் தடை விதிக்கிற அறிவிப்பு படமாக மட்டும் சுற்றி வருகிறது. கண் இல்லாதவன் வெள்ளத்தில் போனால் யார் பொறுப்பு என்பது. வாசலில் போனை ஊமையாக்கச் சொன்னார்கள். ஆக்கினார். அவர் முறை வருவதற்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மனுவை வாங்கியவர் நல்ல மாதிரித்தான் பேசினார். “படத்துல எல்லாம் தெளிவாத்தான சார் போட்டிருக்கு. தேதி, நேரம், எல்லாம் பெரிய எழுத்துல.”

“உங்களுக்குத் தெளிவா இருக்கு சார்.”

“உங்க வீட்டுல யாராவது இருப்பாங்கள்ல, வாசிச்சுச் சொல்ல?”

“இருக்காங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கா” என்றார் வல்லிநாயகம்.

பஸ் நிலையத்துக்கு வந்து, புறப்படாமல் நின்ற குற்றாலம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் போனைத் திறந்தார். மணிகண்டபிரபு ஒரு தடவை கூப்பிட்டிருந்தான். குழுவில் எழுத்து வந்திருந்தது. “ஆழ்ந்த இரங்கல்.” இன்னொன்று: “ஓம் சாந்தி.” அதற்குமேல், “அழும் முகம்.” யாருக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. எல்லாருக்கும் மேலே படம் இருக்கிறதே. வல்லிநாயகம் விரலை மேலே மேலே தள்ளினார். அழும் முகம், கூப்பிய கைகள், கூப்பிய கைகள். அவரே போட்ட கூப்பிய கைகள். அதற்கு மேலே, “படம். ஒரு பெண், பூமாலை, விளக்கு.”

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் முஃபீத், இலஞ்சியில் சைக்கிள் கடை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார்.

“பாய், இந்தப் படத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் வாசிங்க.”

முஃபீத் போனை வாங்கி வாசித்தார். “கண்ணீர் அஞ்சலி. அப்புறம் ஒரு அம்மா போட்டோ. திருமதி நாச்சியார் அம்மாள் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்கள். புளியங்குடி இல்லத்தில இருந்து மாலை மூணு மணி அளவுல... தெரிஞ்சவங்களா அண்ணாச்சி?”

“கீழ என்ன இருக்கு?” என்றார் வல்லிநாயகம்.

“கீழ குடும்பத்தார்னு பேர் போட்டிருக்கு. கணவர் கணேசமூர்த்தி. மகன் மணிகண்டபிரபு. அண்ணன் வல்லிநாயகம், குற்றாலம்.” முஃபீத் அதற்குமேல் வாசிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். “உங்க பேரு என்ன சொன்னீங்க?”

“அதான். வாசிச்சீங்கள்லா, அதான்” என்றார் வல்லிநாயகம். “மணி என்ன?”

“ரெண்டரை ஆகப் போகுது.”

முஃபீத்தும் கூடவே இறங்கிவிட்டார். மணிகண்டபிரபுவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த துணிக்கடையில் நூல் சேலை என்று கேட்டு, ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்து ஒன்றை எடுத்தார் வல்லிநாயகம். துணி அவருக்குத் தெரியும். நிறத்துக்கு என்ன செய்வது?

“பச்சைதானம்மா?”

“பச்சைதான் ஐயா” என்றாள் கடைப் பெண்.

“பாய், பச்சைதானா?”

“பச்சைதான் அண்ணாச்சி. வாங்க, வண்டி நிக்குது.”

“அரக்கு பார்டரா?”

முஃபீத் ஒரு வினாடி பேசவில்லை. “ஆமா. வாங்க” என்றார்.

முஃபீத் ஏற்றிவிட்ட புளியங்குடி வண்டி கடையநல்லூரில் கொஞ்ச நேரம் நின்றது, சொக்கம்பட்டியில் கொஞ்ச நேரம் நின்றது. சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் சாவுச் செய்தி சொல்லத் தெரிந்த அந்த மனிதர், வாய் திறக்காமல் வந்தார். பூத் காலத்தில் ஒரு தடவைகூட அவர் கூப்பிட்டு ஒருவர் நேரத்துக்கு வராமல் போனதில்லை. தூரத்து ஆட்களுக்கு முதலில், பக்கத்து ஆட்களுக்குக் கடைசியில் என்று கணக்குப் பார்த்துக் கூப்பிடுவார். தன்னை எந்த வரிசையில் வைத்தார்கள் என்று யோசித்தார். எந்த வரிசையிலும் வைக்கவில்லை. எல்லாரையும் ஒன்றாக ஒரே தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தெருவில் கால் வைத்ததுமே ஈரம் தெரிந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. தகரக் கூரையில் எங்கோ வெயிலுக்குப் போட்ட எலுமிச்சையின் காட்டம் மட்டும்.

“யாரு, மச்சானா?” கணேசமூர்த்தியின் குரல் நாற்காலியிலிருந்து வந்தது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“எப்ப எடுத்தீங்க?”

“சொன்ன நேரத்துக்கு மேலயும் போட்டு வச்சிருந்தோம். பிறந்த வீட்டுக் கோடி வரலைன்னு தூக்க விடலை பொம்பளைங்க. கடைசியில விஜயசங்கர் ஓடிப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். பெரியப்பன் மகன் போட்ட கோடியோட போனா உம்ம தங்கச்சி.”

“எனக்குத் தெரியாது மச்சான்.”

“தெரியாதா?” கணேசமூர்த்தி எழுந்துவிட்டார். “ஏலே பிரபு, இங்கன வா. அந்தப் போனைக் காட்டு இவருகிட்ட.” காட்டினால் கண் தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று அப்போதும் கணேசமூர்த்திக்குத் தோன்றவில்லை. “காலையில ஏழு மணிக்கே பார்த்துட்டாருன்னு இவரு பேருக்கு நேரா நீல டிக்கு விழுந்திருக்கு. பார்த்ததோட இல்ல, கும்பிடு வேற போட்டிருக்காரு. கூடப் பிறந்தவ செத்துக் கிடக்கா, ஒரு கும்பிடைப் போட்டுட்டு மனுக் குடுக்கப் போயிட்டாரு. பார்த்துட்டு வராதவனை எதுக்குலே கூப்பிடணும்னு நான்தான் சொன்னேன். அதுக்கு முன்னாலயே இவன் ஒரு தடவை கூப்பிட்டுட்டான்.”

“நான் பார்த்தேனா?” என்றார் வல்லிநாயகம். “மச்சான், நானா பார்த்தேன்?”

வாளியில் தண்ணீர் மோந்து ஊற்றிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள்.

“போனு ஒரு பொம்பளை, மாலை, விளக்குன்னுது. ஆடி மாசம். நான் அம்மன்னு நினைச்சேன். எல்லாரும் கும்பிட்டீங்க, நானும் கும்பிட்டேன். எழுதுதவ எழுதலை. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா, வந்து எழுதுவான்னு இருந்தேன்.”

மணிகண்டபிரபு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “கூட்டாளி டிசைன் பண்ணிக் குடுத்தான் மாமா. எல்லாருக்கும் ஒரேயடியாப் போயிரும்னு போட்டுட்டேன். தனியாச் சொல்லணும்னு தோணலை மாமா.”

கணேசமூர்த்தி திரும்ப உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. தப்புத்தான் என்று ஒரு வார்த்தை வந்தால் வாங்கிக்கொள்ள வல்லிநாயகம் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே இருந்து வயதான ஒரு பெண் குரல், “அந்தக் கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கய்யா, ஆகாது” என்றது.

மணிகண்டபிரபு பைக்கில் ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே வறட்டி அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கொள்ளி வைத்தாயிற்று. இனிமேல் திறக்க முடியாது என்றார் காவல் இருந்தவர். சூடு முகத்தில் அடிக்கிற திசையைப் பார்த்து வல்லிநாயகம் நின்றார். கால் மாடு எது, தலை மாடு எது என்று கேட்டார். அந்த ஆள் கையைப் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் புகை விட்டிருந்த துளைக்குப் பக்கத்தில் சேலையை வைத்து ஒரு கம்பால் உள்ளே தள்ளினார்கள். நூல் துணி எரிகிற வாசம்தான் வந்தது.

“பிரபு, அது என்ன கலருடே?”

அவன் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “பச்சை மாமா.”

துணிக்கடையில் பார்டரைக் கேட்டபோதும் அப்படித்தான் ஒருவர் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். வல்லிநாயகம் அதற்குமேல் கேட்கவில்லை.

பைக்கில் திரும்பும்போது, “இனிமே நான் எழுதிருதேன் மாமா, என்ன படம் போட்டாலும்” என்றான் மணிகண்டபிரபு.

சில நாள் அவன் எழுதினான். காலை வணக்கம் என்று படம் வந்தால், கீழே “காலை வணக்கம்” என்று எழுதுவான். பிறகு ஒருநாள் எழுதி ஒருநாள் விட்டான். கமிஷன் கடையை அவன்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆடி முடிவதற்கு முன்னால், வறுவல் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் பேசிற்று. “விஜயசங்கர். படம். ஒரு பெண், பூமாலை, விளக்கு.” பிறகு, “கூப்பிய கைகள்.” பிறகு, “மணிகண்டபிரபு. கூப்பிய கைகள்.”

“என்னவாம்?” என்று கேட்டாள் யோகலட்சுமி, சட்டியைப் பார்த்தபடி.

“நாச்சியார்தான். பதினாறாம் நாள் விசேஷம் என்னைக்குன்னு போட்டிருப்பாங்க.”

“என்னைக்காம்?”

அவர் பொட்டலத்தை மடித்து வைத்தார். கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, இதுவரை எத்தனையோ தடவை சொன்னதையே நிதானமாகச் சொல்லி எழுத்தாக்கிப் போட்டார்: “படத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதுங்க.”

குழுவில் கடைசி ஆள் வரைக்கும் பார்த்த பிறகுதான் அந்த டிக்குக் குறி நீலமாகும் என்று பிரபு சொல்லிக் கொடுத்திருந்தான். கடை சாத்துகிற நேரத்தில் வல்லிநாயகம் தான் எழுதியதன் மேல் விரலை வைத்தார். போன் அதை ஒரு தடவை முழுதாக வாசித்தது. அப்புறம், “படிக்கப்பட்டது” என்றது.

அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.